அம்மாச்சி ஊரு எது?

'வெளியூர் ஆட்டக்காரர்களுக்கு அனுமதி இல்லை. ஆதார் அட்டை ஒரிஜினல் அவசியம்!'

தேனிப் பக்கம் டீக்கடைச் சுவத்துல கபடிப் போட்டி நோட்டீஸ் ஒட்டியிருந்தா, பரிசுத் தொகைக்குக் கீழே கொட்டை எழுத்துல இப்படி ஒரு வரி நிச்சயம் பார்த்திருப்பீங்க. இருந்தும் என்ன? ராத்திரி லைட் வெளிச்சத்துல மேட்ச் ஆரம்பிச்சதும் முதல் பஞ்சாயத்தே இதுலதான் கிளம்பும். ''ஏய், மூணாம் நம்பர் பனியன் நம்ம ஊருக்காரனே இல்லடா!'' என்று ஒரு குரல். ''இல்லண்ணே, அவங்க அம்மாச்சி ஊரு இதுதான். லீவுன்னா இங்கதான் கிடப்பான்'' என்று எதிர்க் குரல். ''அப்படின்னா அம்மாச்சியவே இறங்கி ஆடச் சொல்லு!'' என்று கூட்டத்துலேர்ந்து மூணாவது குரல்.

சிரிக்காதீங்க பாஸ். அந்த ரெண்டாவது குரல் சொல்ற பாயின்ட், உலகத்துல ஒரு பெரிய விளையாட்டில் அதிகாரபூர்வமான சட்டம். அந்த விளையாட்டு, ரக்பி!

ரக்பின்னா நம்மில் பலருக்குத் தெரிஞ்சது கொஞ்சம்தான். முட்டை மாதிரி இருக்கிற பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடுவாங்க, நாலு பேர் மேல விழுந்து அமுக்குவாங்க. கபடி ஆடினவனுக்குப் பாதி ரூல் தானாப் புரிஞ்சிடும். 'விஸ்வரூபம்' படத்துல கமலுக்கு வில்லனா வந்த ராகுல் போஸ் ஞாபகம் இருக்கா? அவர் நிஜத்துல இந்திய ரக்பி அணிக்கு ஆடியவர். இந்தியா முதல் சர்வதேச மேட்ச் ஆடினது 1998-ல். 2025 ஜூன்ல மும்பையில நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்ல கப் அடிச்சது யார் தெரியுமா? சென்னை புல்ஸ்! ஸோ, நமக்கும் ரக்பிக்கும் சம்பந்தமே இல்லைன்னு சொல்லிட முடியாது.

மேட்டருக்கு வருவோம். ஒரு நாட்டுக்கு ரக்பி ஆட என்ன தகுதி வேணும்? 'பாஸ்போர்ட்'னு சொன்னீங்கன்னா, தப்பு. 'வேர்ல்டு ரக்பி' அமைப்பின் 8-வது விதி பாஸ்போர்ட்டைக் கண்டுக்கிறதே இல்லை (ஒலிம்பிக்ஸ் மட்டும் வேற கதை. அங்கே குடியுரிமை இருந்தாதான் உள்ளே விடுவாங்க). நீங்க அந்த நாட்டுல பிறந்திருக்கணும். இல்லையா, உங்க அப்பாவோ அம்மாவோ அங்கே பிறந்திருக்கணும். அதுவும் இல்லையா, ரெண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி நாலு பேர்ல யாராவது ஒருத்தர் பிறந்திருந்தாக்கூடப் போதும். எதுவுமே இல்லைன்னா, தொடர்ந்து 5 வருஷம் அந்த நாட்டு ரக்பி சங்கத்துல மட்டுமே பதிவாகி இருந்திருக்கணும். விட்டு விட்டு மொத்தமா 10 வருஷம் அந்த நாட்டுல குடியிருந்திருந்தாலும் ஓகே.

நம்ம ஊருக் கணக்குல சொன்னா ஈஸியா புரியும். போடியிலேர்ந்து ஏலத்தோட்ட வேலைக்கு இடுக்கிப் பக்கம் போய் செட்டிலான ஒரு குடும்பத்தை நினைச்சுக்குங்க. அம்மாச்சி பிறந்தது போடியில. பையன் பிறந்தது நெடுங்கண்டத்துல. படிப்பு பெரியகுளத்துல, ஆறு வருஷமா ஹாஸ்டல் வாசம். தமிழ்நாடும் கேரளாவும் ரெண்டு ரக்பி நாடுகளா இருந்தா, இந்தப் பையன் பிறப்பால கேரளாவுக்கு ஆடலாம். அம்மாச்சியால தமிழ்நாட்டுக்கு ஆடலாம். அம்மாச்சி சர்டிபிகேட் கிடைக்கலைன்னாலும், அந்த ஆறு வருஷமும் தமிழ்நாட்டுச் சங்கத்துல மட்டுமே பதிவாகி ஆடியிருந்தா, அதைக் காட்டியே தமிழ்நாட்டுக்கு ஆடிடலாம்!

ஆனா ஒரு தடவை சீனியர் டீம் பனியனை மாட்டிட்டா மாட்டினதுதான். இதுக்கு ரக்பிக்காரங்க வெச்சிருக்கிற பேரு 'கேப்சர்'. அதாவது, பிடிபட்டாச்சு! இதனால ரொம்ப அடி வாங்கினது டோங்கா, சமோவா மாதிரி பசிபிக் தீவுகள். டோங்காவோட மொத்த ஜனத்தொகையே சுமார் ஒரு லட்சம். நம்ம தேனி மாவட்டம் 2011 சென்சஸ்படியே 12 லட்சத்தைத் தாண்டிடுச்சு. அந்தக் குட்டி நாட்டுப் பையன்களை நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் தூக்கிட்டுப் போகும். ரெண்டு மூணு மேட்ச் ஆடவிட்டுக் கழட்டிவிட்டாலும் அவன் டோங்கா பக்கம் திரும்பவே முடியாது. பிடிபட்டவன் ஆச்சே! 2022-ல்தான் இந்தப் பிடி கொஞ்சம் தளர்ந்தது. 3 வருஷம் எந்த நாட்டுக்கும் சர்வதேச மேட்ச் ஆடாம சும்மா இருந்துட்டு, தான் பிறந்த நாட்டுக்கோ, பெத்தவங்க அல்லது தாத்தா பாட்டி பிறந்த நாட்டுக்கோ ஒரே ஒரு தடவை மாறிக்கலாம்னு விட்டாங்க. ஆஸ்திரேலியாவுக்கு 73 டெஸ்ட் ஆடின இஸ்ரேல் ஃபோலாவ், நியூசிலாந்துக்கு ஆடின மாலகாய் ஃபெகிடோவா ரெண்டு பேரும் அந்த வருஷமே டோங்கா டிரெஸ் போட்டாங்க.

பாட்டி மாட்டிய கதை!

சட்டம்னு ஒண்ணு இருந்தா, அதுல சந்து கண்டுபிடிக்கிற கெட்டிக்காரங்களும் இருப்பாங்க இல்லையா? 2000-ம் வருஷம் பிரிட்டன் பத்திரிகைகளை ஒரு கலக்குக் கலக்கின விவகாரத்துக்குப் பேரே 'கிரானிகேட்'. வாட்டர்கேட் மாதிரி, இது பாட்டிகேட்! ஷேன் ஹோவார்த்னு ஒருத்தர், நியூசிலாந்துக்காரர். 1994-ல் அந்த நாட்டுக்கே 4 டெஸ்ட் ஆடியவர். பிற்பாடு 'எங்க தாத்தா பிறந்தது வேல்ஸ் நாட்டுல, கார்டிஃப் நகரத்துல' என்று வேல்ஸ் டீமுக்குள்ளே வந்து 19 டெஸ்ட் ஆடிட்டார். அப்புறம் ரெக்கார்டைத் தோண்டிப் பார்த்தா, தாத்தா பிறந்ததும் நியூசிலாந்துலதான்! அதே வேல்ஸ் டீம்ல பிரெட் சின்கின்சன். அவரோட தாத்தா வேல்ஸ்காரர்னு நினைச்சா, பிறப்புப் பதிவு இங்கிலாந்துல இருந்தது. ஸ்காட்லாந்து டீம்ல டேவிட் ஹில்டன், 40 டெஸ்டுக்கு மேல ஆடினவர். எடின்பரோவில் பிறந்ததா நம்பின தாத்தா, நிஜத்துல பிறந்தது இங்கிலாந்தின் பிரிஸ்டல்ல.

ஹில்டன் கதை கொஞ்சம் பாவம்தான். நம்ம வீட்டுலேயே தாத்தா பிறந்த தேதியைக் கேட்டா, 'தாது வருஷப் பஞ்சத்துக்கு அப்புறம்', 'பெருமழை பேஞ்ச வருஷம்'னு சொல்ற ஆட்கள் நாம. எந்த ஆஸ்பத்திரி, எந்த ஊருன்னு கேட்டா என்ன பண்றது?

ஸ்பெயின் கதையில அந்தப் பாவமெல்லாம் இல்லை. 2019 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றுல ஸ்பெயின், ருமேனியா, பெல்ஜியம் மூணுமே தகுதி இல்லாத ஆட்களை இறக்கினதா மாட்டி, பாயின்ட்டுகளை இழந்தாங்க. சந்துல சிந்து பாடி ரஷ்யா உலகக் கோப்பைக்குப் போயிடுச்சு! சரி, திருந்தியிருப்பாங்கன்னு பார்த்தா, 2023 உலகக் கோப்பைக்கு ஸ்பெயின் மறுபடி தகுதி பெற்று, மறுபடி மாட்டுச்சு. இந்தத் தடவை தென்னாப்பிரிக்காவுல பிறந்த கவின் வான் டென் பெர்க் என்கிற வீரர். அவர் ஸ்பெயின்ல எத்தனை நாள் தங்கினார்னு காட்டக் கொடுத்த பாஸ்போர்ட் ஜெராக்ஸ்ல கைவரிசை நடந்திருக்கு! 2022-ல் ஸ்பெயினுக்கு 10 பாயின்ட் கட். அந்த இடத்துல உலகக் கோப்பைக்குப் போனது யாரு? முந்தின தடவை மாட்டின அதே ருமேனியா. ஒரு ஜெராக்ஸ் ஒரு நாட்டையே வீட்டுக்கு அனுப்பிடுச்சு. எலிஜிபிலிட்டி ஃபார்ம் ஃபில்லப் பண்ற பிசிக்கல் டைரக்டர் சார்களுக்கு இந்தக் கதையை ஃப்ரேம் போட்டே கொடுக்கலாம்.

குடியிருப்பு விதியிலும் குசும்பு நடந்தது. முன்னாடி 3 வருஷம் இருந்தாலே போதும்னு இருந்துச்சு. பணக்கார நாடுகள் ஒரு நல்ல வெளிநாட்டு வீரரை உள்ளூர் கிளப்புக்குக் கூட்டிட்டு வந்து, மூணு வருஷம் சம்பளம் கொடுத்து உட்கார வெச்சு, நாலாவது வருஷம் தேசிய அணியில இறக்கும். நியூசிலாந்துல பிறந்த பண்டி அகி 2014-ல் அயர்லாந்து போனார். 2017-ல் அயர்லாந்து டீம்! நம்ம காலேஜ்கள்லேயும் இது புதுசா என்ன? ஜோனல் மேட்சுக்கு முன்னாடி திடீர்னு ஒரு புது முகம் கிரவுண்டுல நிற்கும். 'எம்.ஏ. ஹிஸ்டரி, ஃபர்ஸ்ட் இயர்'னு அறிமுகப்படுத்துவாங்க. ஹிஸ்டரி கிளாஸ்ல அவரைப் பார்த்தவங்க ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. இதுக்கு எதிர்ப்பு கிளம்பித்தான் 2017-ல் மூணை அஞ்சாக்க முடிவெடுத்தாங்க.

அதே சமயம், இந்த விதியால நடந்த அழகான விஷயமும் உண்டு. ஜப்பான் கேப்டனா இருந்த மைக்கேல் லீச், நியூசிலாந்துல பிறந்தவர், அம்மா ஃபிஜிக்காரங்க. 15 வயசுல ஜப்பானுக்குப் படிக்க வந்து, அங்கேயே வளர்ந்து, 2013-ல் ஜப்பான் குடியுரிமையே வாங்கிட்டார். 2019-ல் சொந்த மண்ணுல நடந்த உலகக் கோப்பையில ஜப்பான் முதல் தடவையா கால் இறுதிக்குப் போனபோது, டீம்ல கிட்டத்தட்ட பாதிப் பேர் வெளிநாட்டுல பிறந்தவங்க. ஜப்பான்காரங்க யாரும் அவங்க அம்மாச்சி ஊரைக் கேட்டுக்கிட்டு நிற்கலை.

நம்ம ஊர்ல கதையே வேற!

இப்போ ஒரு கேள்வி. லண்டன்ல பிறந்து வளர்ந்து சூப்பரா ரக்பி ஆடுற ஒரு பொண்ணு இருக்குன்னு வெச்சுக்குவோம். அதோட அம்மாச்சி பிறந்தது பெரியகுளம், தென்கரை. வேர்ல்டு ரக்பி விதிப்படி அந்தப் பொண்ணு தாராளமா இந்தியாவுக்கு ஆடலாம். ஆனா ஆட முடியாது. ஏன்னா, நம்ம மத்திய அரசு கேட்கிறது அம்மாச்சி ஊரை இல்லை, பாஸ்போர்ட்டை!

இந்த ரூலுக்கு ஒரு தமிழ் முகம் இருக்கு. பிரகாஷ் அமிர்தராஜ். மெட்ராஸ் தந்த டென்னிஸ் ஸ்டார் விஜய் அமிர்தராஜோட மகன். அப்பா விஜய், இந்தியாவை ரெண்டு தடவை டேவிஸ் கோப்பை ஃபைனல் வரைக்கும் கொண்டுபோன ஆளு. 1974-ல் தென்னாப்பிரிக்காவோட நிறவெறியை எதிர்த்து இந்தியா ஃபைனலையே ஆடாம விட்டுக்கொடுத்துச்சே, அந்த டீம்லேயும் இருந்தார். 1987 ஃபைனல்லேயும் இருந்தார். மகன் பிறந்தது அமெரிக்காவுல, கையில அமெரிக்க பாஸ்போர்ட். ஆனாலும் 2003-லேர்ந்து டேவிஸ் கோப்பையில ஆடினது இந்தியாவுக்குத்தான். 2008 ஜூலையில அமெரிக்காவின் நியூபோர்ட் போட்டியில ஃபைனல் வரைக்கும் போனார். கேரியரோட உச்சம்! அதே வருஷம் டிசம்பர்ல விளையாட்டு அமைச்சகம் ஒரு முடிவு எடுத்துச்சு. இனி இந்தியக் குடிமக்கள் மட்டுமே இந்தியாவுக்கு ஆடலாம். பிரகாஷ் அவுட். அந்த ஆகஸ்ட்ல பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் சானியா மிர்சாவோட ஜோடி சேர்ந்து ஆடின சுனிதா ராவும் அவுட்.

'அவ்வளவு பாசம்னா அமெரிக்க பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுட்டு வரவேண்டியதுதானே?'ன்னு நீங்க கேட்பீங்க. கேட்கலாம். ஆனா டென்னிஸ் வீரன் வாரம் ஒரு நாட்டுல ஆடுறவன். நம்ம பாஸ்போர்ட்டோட ஒவ்வொரு நாட்டு விசாவுக்கும் க்யூவுல நிற்கிறது எப்படின்னு, ஃபாரின்ல மேல்படிப்புக்கு அப்ளை பண்ணின சீனியர்களைக் கேட்டுப் பாருங்க. குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி, வெளிநாட்டுக் குடியுரிமையை விரும்பி வாங்கினா இந்தியக் குடியுரிமை தானாப் போயிடும். இரட்டைக் குடியுரிமைங்கிற பேச்சுக்கே இங்கே இடமில்லை. 'ஓ.சி.ஐ.' கார்டுன்னு ஒண்ணு கொடுக்கிறாங்களே? அதோட பேர்லதான் 'சிட்டிசன்' இருக்கு, கார்டுல இல்லை. விசா இல்லாம வந்து போகலாம், ஓட்டுப் போட முடியாது, இந்தியாவுக்கு ஆட முடியாது. ஓ.சி.ஐ. கார்டு வெச்சிருந்த ஸ்குவாஷ் வீரர் கர்ம் குமார் கோர்ட்டுக்கே போனார். 2010-ல் தில்லி உயர் நீதிமன்றம், அரசு முடிவு சரிதான்னு சொல்லிடுச்சு.

இன்னொரு கூத்தையும் பாருங்க. 2024 டி-20 உலகக் கோப்பையில பாகிஸ்தானை சூப்பர் ஓவர்ல சாய்ச்ச அமெரிக்க டீம் ஞாபகம் இருக்கா? அந்த ஓவரைப் போட்ட சௌரப் நேத்ராவல்கர், மும்பைப் பையன். 2010-ல் இந்திய அண்டர்-19 டீமுக்கு ஆடினவர். படிக்க அமெரிக்கா போய், சாஃப்ட்வேர் வேலை பார்த்துக்கிட்டே அமெரிக்காவுக்கு ஆடிட்டார். கிரிக்கெட் விதிப்படி குடியுரிமை கட்டாயம் இல்லை, 3 வருஷம் அங்கே குடியிருந்தாலே போதும். நம்ம பையன் அங்கே போய் ஆடலாம். அங்கே பிறந்த நம்ம பேத்தி இங்கே வந்து ஆட முடியாது!

இவ்வளவு சொன்னதும், 'அரசாங்கம் அநியாயம் பண்ணுது'ன்னு கொடி பிடிக்கத் தோணும். கொஞ்சம் பொறுங்க. மே மாசம் பெரியகுளம் வந்து பாருங்க. மாம்பழ சீசனும் கூடைப்பந்து சீசனும் ஒண்ணா வர்ற ஊரு இது. சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்துற அகில இந்தியப் போட்டிக்கு வர்ற டீம் பேரையெல்லாம் படிச்சுப் பாருங்க. இந்தியன் பேங்க், ஐ.ஓ.பி., விமானப்படை, கேரள மின்வாரியம்... எல்லாமே வேலை கொடுக்கிற இடங்கள்! கேலரியில உட்கார்ந்து பார்க்கிற பிளஸ் டூ பையனுக்கு, கோர்ட்டுல டிரிபிள் பண்ணிட்டுப் போறது ஒரு அண்ணன் மட்டும் இல்லை. ஒரு மாசச் சம்பளம், ஒரு பி.எஃப்., வீட்டுல அம்மாவுக்கு ஒரு நிம்மதி. ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கு ஸ்டேட் ஆடினவனைவிட இந்தியா ஆடினவனுக்குத்தான் மவுசு. தமிழக அரசு வேலைகள்லேயும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித இட ஒதுக்கீடு உண்டு. லண்டன் பேத்தி வந்து ஒரு இடத்தை எடுத்தா, அது வெறும் பனியன் கணக்கு இல்லை. இங்கே ஒருத்தரோட வேலை!

இந்தியப் பெண்கள் ரக்பி டீமையே எடுத்துக்குங்க. ஒடிசா, பீகார், மேற்கு வங்கம்னு எளிய குடும்பங்கள்லேர்ந்து வந்த பொண்ணுங்க நிறையப் பேர். 2019-ல் சிங்கப்பூரை ஜெயிச்சு, 15 பேர் ஆடுற ரக்பியில முதல் சர்வதேச வெற்றியைக் கொண்டுவந்ததும் உள்ளூர்ல ஆடிப் பழகின பொண்ணுங்கதான். வெளிநாட்டுல நல்ல கோச், நல்ல சாப்பாடு, புல்தரை கிரவுண்டோட வளர்ந்தவங்க வந்து நின்னா, இவங்க எங்கே போவாங்க?

அதுக்காகக் கதவை மொத்தமா சாத்தணுமா? கூடைப்பந்துல ஒரு நடைமுறை இருக்கு. 16 வயசுக்கு மேல குடியுரிமை வாங்கினவங்க, ஒரு டீமுக்கு ஒரே ஒருத்தர். பிலிப்பைன்ஸ், ஜோர்டான், ஜப்பான், தென் கொரியான்னு ஆசியாவுல பலரும் அந்த ஒரு இடத்துல ஓர் அமெரிக்கரை இறக்கி ஆடியிருக்காங்க. என்னைக் கேட்டா, 15 பேர் ரக்பிக்கு அந்த மாதிரி கணக்கு வைக்கலாம். ஓ.சி.ஐ. பேரன் பேத்திகள் டீமுக்கு ரெண்டு பேர், அதுவும் இங்கே வந்து ஒரு சீசன் உள்ளூர் போட்டிகள்ல ஆடியிருக்கணும். கூட ஆடினா நம்ம பொண்ணுங்களும் நாலு வித்தை கத்துக்குவாங்க. ரக்பியை மட்டும் ஏன் தனியா சொல்றேன்னா, காரணம் இருக்கு. ஃபுட்பால்லேயும் கூடைப்பந்துலேயும் உலக அமைப்புகளே குடியுரிமை கேட்கும். அங்கே விளையாட்டு அமைச்சகம் மனசு மாறினாலும் ஓ.சி.ஐ. கார்டு செல்லாது. ரக்பியில உலகம் 'வா'ங்குது, நாம 'நில்லு'ங்கிறோம். 2025 ஜூலையில மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 'கேலோ பாரத் நீதி'யில வெளிநாடு வாழ் இந்திய வம்சாவளியினரை விளையாட்டு மூலமா சேர்த்துக்கிறது பத்திப் பேச்சு இருக்கு. பேச்சு எப்போ ரூலா மாறும்னு பார்க்கணும்.

அதுவரைக்கும் ஒரே வழி, பாஸ்போர்ட்டை மாத்திக்கிறதுதான். ஓ.சி.ஐ. கார்டு வாங்கி 5 வருஷம் ஆகியிருக்கணும், அப்ளை பண்றதுக்கு முன்னாடி ஒரு வருஷம் இந்தியாவுல தங்கியிருக்கணும், பழைய குடியுரிமையை விட்டுடணும். செய்யறவங்க இல்லாம இல்லை. அப்பா குஜராத்தி, அம்மா ஜப்பானியரான அராட்டா இசுமி 2012-ல் ஜப்பான் குடியுரிமையை விட்டுட்டு வந்து, 2013-ல் இந்தியாவுக்கு ஃபுட்பால் ஆடினார்.

அவருக்கு அப்புறம் பெங்களூரு எஃப்.சி.யின் ரயன் வில்லியம்ஸ். ஆஸ்திரேலியாவின் பெர்த்துல பிறந்தவர், அம்மா வழி மும்பையின் ஆங்கிலோ-இந்தியக் குடும்பம். 2019-ல் ஆஸ்திரேலியாவுக்கு ஒரு நட்பு மேட்ச் ஆடியிருக்கார். அந்த நாட்டுக் குடியுரிமையை விட்டுட்டு, 2025-ல் இந்தியக் குடிமகனா ஆனார். நவம்பர்ல இந்திய முகாமுக்கும் கூப்பிட்டாங்க. 18-ம் தேதி டாக்காவுல பங்களாதேஷோட மேட்ச். பாஸ்போர்ட் ரெடி, ஆள் ரெடி, ஷூ ரெடி. ஆனா ஆஸ்திரேலிய சங்கத்துலேர்ந்து வரவேண்டிய தடையில்லாச் சான்றிதழ் நேரத்துக்கு வந்து சேரலை. அவர் இல்லாமலே ஆடின இந்தியா, 0-1 என்று தோத்துப் போச்சு.